மழைக்காலத்துக்கு முன் நீச்சல் குளம்: தண்ணீரைச் சோதிக்கவும் சரிசெய்யவும் ஒரு பாடம்

அடுக்ககத்தில் நீச்சல் குளம் உள்ளவரா நீங்கள்? பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறீர்களா? அல்லது வீட்டில் கிணறும் தரைத்தொட்டியும் மட்டும்தான் இருக்கிறதா? மூன்று பேருக்குமே இந்தப் பாடம் உதவும். குளத்துத் தண்ணீரைச் சுத்தமாக வைக்கிற கணக்குதான், சின்ன மாற்றத்தோடு, தொட்டித் தண்ணீருக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் பயன்படுகிறது.

செப்டம்பர் மாதம் வந்தால் கைப்பேசியில் ஒரு வகை வீடியோ அதிகமாக வர ஆரம்பிக்கும். 'குளிர்காலத்துக்கு உங்கள் நீச்சல் குளத்தை மூடுவது எப்படி' என்று வெளிநாட்டில் எடுத்தது. தண்ணீர் மட்டத்தைக் குறை, குழாயில் காற்றை ஊது, மோட்டாரை நிறுத்து, மேலே தார்ப்பாய் போட்டு ஆறு மாதம் மறந்துவிடு என்று சொல்வார்கள். அந்த ஊருக்கு அது சரிதான். தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. குழாயில் தண்ணீர் நின்றால் குழாய் வெடித்துவிடும். ஆனால் மதுரையில் டிசம்பர் இரவில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்த வீடியோவைப் பார்த்து இங்கே மோட்டாரை நிறுத்தினால் இரண்டே வாரத்தில் தண்ணி பச்சையாகும், கொசு முட்டையிடும், அடி தெரியாத குளம் ஒன்று பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் திறந்து கிடக்கும். ஆகவே முதல் பாடம்: நம்ம ஊரில் குளத்தைத் தயார்செய்ய வேண்டியது பனிக்கு அல்ல, வடகிழக்குப் பருவமழைக்கு.

அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிற இந்த மழைக்கு முன், செப்டம்பர் மாதத்திலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

தண்ணீரைச் சொல்லும் ஐந்து எண்கள்

குளத்து நீரின் நலத்தை ஐந்து எண்கள் சொல்லிவிடும். இவற்றில் முதல் இரண்டைத் தினமும், காரத்தன்மையை வாரம் ஒருமுறையும் பார்க்க வேண்டும், மற்றவற்றை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

1. பி.எச். அளவு: 7.2 முதல் 7.8 வரை.
2. எஞ்சிய குளோரின்: குறைந்தது 1 பி.பி.எம். வெயிலைத் தாங்கும் சயனூரிக் அமிலம் கலந்த குளமாக இருந்தால் குறைந்தது 2 பி.பி.எம்.
3. காரத்தன்மை: 80 முதல் 120 பி.பி.எம்.
4. கடினத்தன்மை: 200 முதல் 400 பி.பி.எம்.
5. சயனூரிக் அமிலம்: திறந்தவெளிக் குளத்துக்கு 30 முதல் 50 பி.பி.எம்.

பி.பி.எம். என்றால் பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் இருந்தால் அது 1 பி.பி.எம். அதாவது 1,000 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மொத்தக் கணக்கும் இதில்தான் நிற்கிறது.

குளோரினும் பி.எச்.-உம் அண்ணன் தம்பி மாதிரி, ஒன்றை விட்டு ஒன்றைப் பார்க்கக் கூடாது. தண்ணீரில் போட்ட குளோரின் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று கிருமியை வேகமாகக் கொல்லும், இன்னொன்று ரொம்ப மெதுவாக வேலை செய்யும். பி.எச். 7.5-இல் இருந்தால் ஏறக்குறைய பாதி குளோரின் வேகமான வடிவில் இருக்கும். பி.எச். 8-க்கு ஏறினால் அது கால் பங்காகக் குறைந்துவிடும். 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்குதான். சோதனையில் குளோரின் 2 என்று காட்டும், ஆனால் தண்ணி பாசி பிடிக்கும். 'மருந்து போட்டும் கேட்க மாட்டேங்குது' என்று பராமரிப்பாளர் சொன்னால், முதலில் பி.எச். எவ்வளவு என்று கேளுங்கள்.

எதைக் கொண்டு சோதிப்பது?

கடையில் இரண்டு வகை டெஸ்ட் கிட் கிடைக்கும். மஞ்சள் நிறம் காட்டுவது ஒன்று. உள்ளாட்சிப் பணியாளர்கள் குடிநீரைச் சோதிக்கும் குளோரோஸ்கோப்பில் வருவதும் இந்த நிறம்தான். இது மொத்தக் குளோரினைக் காட்டும். இன்னொன்று இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. வகை. கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் எஞ்சிய குளோரினை இது தனியாகக் காட்டும். குளத்துக்கு டி.பி.டி. வகைதான் வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது மேலாக மொண்டு எடுக்காதீர்கள். முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டு, குழாயிலிருந்து தண்ணீர் வரும் வாய்க்குத் தள்ளி எடுங்கள். நிறத்தை நிழலில் வைத்துப் பாருங்கள். பார்த்த எண்ணைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுக்ககமாக இருந்தால் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு படம் போடச் சொல்லுங்கள். நாலு பேர் பார்க்கிற நோட்டு ஒழுங்காக எழுதப்படும்.

கணக்கு போடலாம் வாங்க

உங்கள் குளத்தில் எத்தனை லிட்டர் என்று தெரியாமல் எந்த மருந்தும் போடக் கூடாது. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 1,000-ஆல் பெருக்குங்கள். ஒரு பக்கம் 0.9 மீட்டர், மறுபக்கம் 1.5 மீட்டர் ஆழமும் சீரான சரிவும் இருந்தால் சராசரி 1.2 மீட்டர்.

எடுத்துக்காட்டு: 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் சராசரி ஆழம். 60 கன மீட்டர், அதாவது 60,000 லிட்டர்.

காலையில் சோதித்தால் குளோரின் சுழியம். இரண்டு பி.பி.எம். ஆக்க வேண்டும். 60,000 லிட்டருக்கு 2 பி.பி.எம். என்றால் 120 கிராம் குளோரின். கடையில் வாங்கும் பொருளில் குளோரின் முழுதாக இருக்காது என்பதால் அளவு மாறும்:

- பிளீச்சிங் பவுடர், 33 சதவீதம் இருந்தால்: சுமார் 360 கிராம்.
- திரவ ஹைப்போகுளோரைட், 10 சதவீதம் இருந்தால்: சுமார் 1.2 லிட்டர்.
- டி.சி.சி.ஏ. மாத்திரை அல்லது தூள், 90 சதவீதம்: சுமார் 133 கிராம்.

மூட்டையில், கேனில் அச்சிட்ட சதவீதத்தைப் படித்துக் கணக்கிடுங்கள். பிளீச்சிங் பவுடரும் திரவ ஹைப்போகுளோரைட்டும் வெயிலில், ஈரத்தில் வீரியம் இழக்கும். மதுரை ஏப்ரல் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இரண்டு மாதம் கிடந்த கேனில் எழுதியிருக்கும் சதவீதத்தை நம்பாதீர்கள். தேவையான அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

எந்த நேரத்தில் போடுவது? மாலை, பொழுது சாய்ந்த பிறகு. சயனூரிக் அமிலம் இல்லாத தண்ணீரில் நடுப்பகல் வெயில் பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். காலை 11 மணிக்குப் போட்ட மருந்து பகல் சாப்பாட்டுக்குள் வீணாகும்.

மதுரைத் தண்ணீரின் குணம்

மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். பாறை இடுக்குகளில் தேங்கிய நீரைத்தான் ஆழ்துளைக் கிணறு மேலே கொண்டுவருகிறது. பல இடங்களில் அது கடின நீராக இருக்கும். சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் ஒட்டும், கீசர் கம்பியில் சுண்ணாம்புப் படிவு ஏறும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த அடையாளங்கள்தான். இந்திய குடிநீர்த் தரநிலை கடினத்தன்மைக்கு 200 பி.பி.எம். ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாதபோது 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. குளத்துக்கு 400-க்கு மேல் போனாலே தொல்லைதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கோடையில் தினமும் அரை செ.மீ. மட்டம் இறங்கினால், நம்ம எடுத்துக்காட்டுக் குளத்தில் நாளுக்கு 250 லிட்டர். அந்த இடத்தை மறுபடி போர் தண்ணியால் நிரப்புகிறோம். ஒவ்வொரு நாளும் புது உப்பு உள்ளே வருகிறது, பழைய உப்பு வெளியே போவதில்லை. ஆகஸ்ட் முடிவில் தண்ணீர் மட்டம் அதேதான், கடினத்தன்மை மட்டும் ஏறியிருக்கும். டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைக் கோடு, ஃபில்டர் மணல் கட்டியாகிப்போவது, தண்ணி பால் கலந்த மாதிரி மங்குவது எல்லாம் இதனால்தான்.

கடின நீர் உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள்:

- பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பும் கால்சியமும் இருக்கிறது. தினமும் அதையே போட்டால் கடினத்தன்மை இன்னும் ஏறும். உங்களுக்குத் திரவ ஹைப்போகுளோரைட் பொருத்தம்.
- போர் தண்ணீரில் பெரும்பாலும் காரத்தன்மையும் அதிகம். அதனால் பி.எச். மேலே மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அதைக் குறைக்க வேண்டும். 33 சதவீத அமிலம் 1,000 லிட்டருக்கு சுமார் 20 மில்லி போட்டால் காரத்தன்மை 10 பி.பி.எம். குறையும். 60,000 லிட்டருக்கு 1.2 லிட்டர். ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். 300 மில்லியாகப் பிரித்து, ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, மோட்டார் ஓடும்போது ஆழமான பக்கத்தில் ஊற்றி, நான்கு மணி நேரம் கழித்து பி.எச். பார்த்த பிறகே அடுத்த தவணை.
- மாறாக, காரத்தன்மை 80-க்குக் கீழே இருந்தால் வீட்டில் இருக்கும் ஆப்ப சோடாவே மருந்து. 1,000 லிட்டருக்கு 17 கிராம் போட்டால் 10 பி.பி.எம். ஏறும்.

டி.சி.சி.ஏ. மாத்திரையை மிதவையில் போட்டுவிட்டால் வேலை எளிது என்று பலர் அதையே நம்புகிறார்கள். அந்த மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு 10 பி.பி.எம். குளோரினுக்கும் சுமார் 6 பி.பி.எம். சயனூரிக் அமிலம் சேர்கிறது. தினமும் 2 பி.பி.எம். என்றால் ஒரு மாதத்தில் 36, மூன்று மாதத்தில் 100-ஐத் தாண்டும். அளவாக இருந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கிற அதே பொருள், அதிகமானால் குளோரினின் கையைக் கட்டிப்போட்டுவிடும். இதைக் குறைக்க மருந்து கிடையாது. தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுவதுதான் வழி.

'குளோரின் வாசனை அடிக்குது' என்றால் என்ன அர்த்தம்?

கண் எரிகிறது, மூக்கைத் துளைக்கிறது, அதனால் குளோரின் அதிகம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது நேர்மாறு. வியர்வை, சிறுநீர், தலை எண்ணெய் இவற்றோடு குளோரின் கலந்து குளோரமின் என்ற பொருளாகிறது. அந்த நெடிதான் நமக்கு வருவது. சுத்தமான குளத்தில் வாசனை லேசாகத்தான் இருக்கும். மொத்தக் குளோரின் எண்ணிலிருந்து எஞ்சிய குளோரின் எண்ணைக் கழித்தால் இப்படி வீணானது எவ்வளவு என்று தெரியும். அது 0.4-ஐத் தாண்டினால், அந்த எண்ணைப் போல் பத்து மடங்கு குளோரினை ஒரே மாலையில் சேர்த்து, குளத்தை மூடி, இரவு முழுக்க மோட்டாரை ஓட விட வேண்டும். எஞ்சிய குளோரின் 4-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் ஆட்கள் இறங்கலாம்.

இதைவிட மலிவான மருந்து, குளத்தில் இறங்கும் முன் ஒரு நிமிடக் குளியல். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அந்தத் தலையோடு நேராகக் குளத்தில் குதிக்க வேண்டாம். சீயக்காய் போட்டு அலசிவிட்டு வாங்க.

மழைக்கு முன்: செப்டம்பர் வேலைகள்

- தண்ணீரை ஆய்வகத்தில் ஒருமுறை சோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்கள் கட்டணம் செலுத்தி நீர் மாதிரியைச் சோதிக்கலாம். பி.எச்., காரத்தன்மை, கடினத்தன்மை, கரைந்த உப்பு எல்லாம் ஒரே அறிக்கையில் கிடைக்கும். கிருமிச் சோதனையும் வேண்டுமென்றால் மாதிரிக்கான சுத்தம் செய்த பாட்டிலை ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள்.
- கடினத்தன்மையோ சயனூரிக் அமிலமோ அதிகமானால், மழை வலுக்கும் முன் கால் பங்குத் தண்ணீரை வெளியேற்றுங்கள். வானத்திலிருந்து வருவது மென்னீர், அதில் கால்சியம் இல்லை. வருடத்தில் நம்ம ஊர்க் குளத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரே மென்னீர் இதுதான். 10 செ.மீ. மழை நேராக விழுந்தால் 1.2 மீட்டர் ஆழக் குளத்தில் எட்டு சதவீதத்தைப் போல் புதுத் தண்ணீர்.
- வெளியேற்றும் முன் இரண்டு மூன்று நாள் குளோரின் போடாமல் வெயிலில் விட்டு, சோதனையில் சுழியம் வந்த பிறகே திறந்துவிடுங்கள். குளோரின் தண்ணீர் கண்மாய்க்கோ வாய்க்காலுக்கோ போனால் மீன் சாகும். மழை நாளில் தெருவில் திறக்காதீர்கள்.
- குளத்தை முழுவதும் காலி செய்யாதீர்கள். மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது காலிக் குளத்தை அது அடியிலிருந்து மேலே தள்ளும். தரை விரிசல் விடும், டைல்ஸ் பெயரும்.
- குளத்துக்கு மேல் நீட்டிய வேம்பு, புங்கன் கிளைகளை வெட்டுங்கள். சுற்றுத் தரையின் சரிவு குளத்துக்கு எதிர்த்திசையில் இருக்கிறதா, வழிந்தோடும் குழாய் அடைத்திருக்கிறதா என்று இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சேற்று நீர் உள்ளே வந்தால் குளோரின் தாங்காது.
- ஃபில்டரின் அழுத்தமானி, சுத்தமாக இருந்த நாளைவிட அரை பார் கூடுதலாகக் காட்டினால் பேக்வாஷ் செய்யுங்கள்.
- மோட்டார் அறையில் மழைநீர் புகுமா, எர்த் இணைப்பும் மின்கசிவுத் துண்டிப்பானும் வேலை செய்கின்றனவா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துப் பாருங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மழை நாட்களில்

இடி கேட்டால் உடனே எல்லோரும் தண்ணீரை விட்டு வெளியே. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' செயலியும், தமிழ்நாட்டின் வானிலை மற்றும் பேரிடர் எச்சரிக்கைக்கு 'டி.என். அலர்ட்' செயலியும் கைப்பேசியில் இருக்கட்டும்.

மழை நின்றதும் இந்த வரிசையில் செய்யுங்கள்: இலை, தழையை வலையால் அள்ளுங்கள். மட்டம் ஏறியிருந்தால் இறக்குங்கள். மோட்டாரை ஓடவிட்டுத் தண்ணீர் கலந்த பிறகு, பி.எச்., குளோரின், காரத்தன்மை மூன்றையும் பாருங்கள். முதலில் காரத்தன்மை, அடுத்து பி.எச்., கடைசியில் குளோரின் என்று சரிசெய்யுங்கள். இந்த வரிசை மாறினால் போட்ட மருந்து பாதி வீண்.

தண்ணீர் பச்சையாகிவிட்டதா? பி.எச்.-ஐ 7.2-க்குக் கொண்டுவந்து, மாலையில் 10 பி.பி.எம். குளோரின் போடுங்கள். 60,000 லிட்டருக்கு 10 சதவீதத் திரவம் 6 லிட்டர். சுவர், படிக்கட்டு, மூலை எல்லாம் தேய்த்து, 24 மணி நேரம் ஃபில்டரை ஓடவிட்டு, பேக்வாஷ் செய்து, மறுபடி சோதியுங்கள். அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரியும்வரை யாரையும் இறக்காதீர்கள். மங்கிய தண்ணீரில் மூழ்கிய பிள்ளை மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு மாதம் யாரும் பயன்படுத்தப் போவதில்லை என்றால்?

அப்போதும் மோட்டார் தினமும் சில மணி நேரம் ஓட வேண்டும், குளோரின் 1-க்குக் கீழே இறங்கக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் இரண்டு முறை பார்த்தே ஆக வேண்டும். தார்ப்பாய் போட்டால் அதன் மேல் தேங்கும் மழைநீரிலும் அதே கொசு வளரும், உடனுக்குடன் வடியுங்கள். தொய்ந்த தார்ப்பாய் மீது குழந்தை கால் வைத்தால் ஆபத்து என்பதால், மூடிய குளத்துக்கும் வேலியும் பூட்டும் அவசியம்.

ரசாயனம் கையாளும்போது உயிர் காக்கும் ஐந்து விதிகள்

1. அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒரே வாளி, ஒரே கோப்பை கூடாது. நச்சு வாயு கிளம்பும்.
2. டி.சி.சி.ஏ.-வையும் பிளீச்சிங் பவுடரையும் கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.
3. தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும். மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.
4. கையுறை, கண்ணாடி இல்லாமல் பராமரிப்பாளரை வேலை செய்யச் சொல்லாதீர்கள். அதை வாங்கித் தருவது சங்கத்தின் பொறுப்பு.
5. குடிநீர் பாட்டிலில், குளிர்பான பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள்.

கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி மருத்துவமனைக்குப் போங்கள். நெடி பரவினால் காற்று வீசும் திசைக்கு எதிராக விலகி, 101-க்கும் 108-க்கும் அழையுங்கள்.

பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு

ரேஸ் கோர்ஸில் உள்ள விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளமோ, பள்ளிக் குளமோ, தனியார் குளமோ, எதுவானாலும் நீங்கள் ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடியவை இவை: அடி தெளிவாகத் தெரிகிறதா? சுவர் வழுக்குகிறதா? மூக்கைத் துளைக்கும் நெடி இருக்கிறதா? அன்றைய பி.எச்., குளோரின் அளவு எழுதியிருக்கிறதா? உயிர்காப்பாளர் குளத்தைப் பார்த்து நிற்கிறாரா, கைப்பேசியைப் பார்க்கிறாரா? கேட்பதில் தயங்க வேண்டாம். கேள்வி கேட்கிற பெற்றோர் இருக்கும் இடத்தில் நோட்டு ஒழுங்காக இருக்கும்.

2024-இல் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா தொற்றால் சிறார்கள் இறந்த செய்தி பலரைக் கலங்கவைத்தது. அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழும், மூக்கு வழியாக நுழையும். தண்ணீரைக் குடிப்பதால் வராது. குளோரின் ஒழுங்காக இருக்கும் குளத்தில் அதற்கு இடமில்லை. பாசி படிந்த, பராமரிக்காத குளத்தில் பிள்ளைகளை முக்குளிக்க விடாமலிருப்பதே பாதுகாப்பு. நீந்திய சில நாட்களில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் வந்தால், நீந்தியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குளோரினுக்கும் எல்லை உண்டு. சரியான அளவில் இருந்தால் ஈ.கோலி கிருமி ஒரு நிமிடத்துக்குள் சாகும். ஆனால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் அதே தண்ணீரில் பத்து நாள் தாங்கும். எனவே வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையைக் குளத்துக்கு அனுப்பாதீர்கள். இந்த நுண்ணுயிர்தான் காரணம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், நின்ற பிறகும் இரண்டு வாரம் பொறுங்கள்.

மூழ்கியவரை வெளியே எடுத்ததும் தலைகீழாகச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது வேண்டவே வேண்டாம். 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பின் நடுவில் 30 முறை அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை தொடருங்கள்.

குளம் இல்லாத வீட்டுக்கும் இதே கணக்கு

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மழைக்குப் பின் கிணறு நிரம்பும்போது மேல்தண்ணீரும் சேர்ந்தே இறங்கும். குடிக்கிற கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் பொதுவான அளவு. வட்டக் கிணற்றின் கொள்ளளவுக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீர் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்குங்கள், எல்லாம் மீட்டரில். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28,000 லிட்டர், பவுடர் 70 கிராம். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிந்த நீரை இன்னொரு வாளிக்கு மாற்றி, அதைக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் குளோரின் 0.5 பி.பி.எம். இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்து மறுபடி பாருங்கள். தரைத்தொட்டி, மேல்நிலைத் தொட்டிக்கும் இதே அளவுதான், ஆனால் முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கட்டும், கொசு நுழைய விரல் நுனி அளவு இடைவெளி போதும்.

கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்

- அவசர ஊர்தி: 108
- தீயணைப்பு, மீட்பு: 101
- மருத்துவ ஆலோசனை: 104
- மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1077
- முதல்வரின் முகவரி, அரசுத் துறைகள் மீதான கோரிக்கை, புகார்: 1100

பக்கத்து மனையில் கைவிட்ட குளமோ தொட்டியோ பச்சையாகக் கிடந்தால், முதலில் உரிமையாளரிடம் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் இடத்தின் அடையாளத்தோடு படம் எடுத்து மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் சுகாதாரப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். கொசு வளரும் தேக்கத்தை அகற்றச் செய்யும் அதிகாரம் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் இருக்கிறது.

இந்த வாரம் மூன்று வேலை மட்டும் செய்யுங்கள்: குளத்தின் அல்லது கிணற்றின் லிட்டரைக் கணக்கிட்டுச் சுவரில் எழுதுங்கள், டி.பி.டி. கிட் ஒன்று வாங்குங்கள், ஒரு நோட்டில் இன்றைய எண்ணைக் குறியுங்கள். முதல் மழை விழும்போது உங்கள் தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.